ஐந்தாவது ஜோடி

கையில் வாங்கிப் பாருங்கள் அண்ணே. வாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் விழாது. பப்ஸ் சாப்பிட்ட கை என்றால் மட்டும் இந்தத் துணியில் ஒரு தடவை துடைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். வாங்கிய நாளிலிருந்து எண்ணெய்க் கை பட்டதில்லை.

கனம் தெரிகிறதா? தெரியாது. நீங்கள் இதுவரை வைத்திருப்பது உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை என்று போனில் சொன்னீர்கள். நானும் மூன்று வருடம் அதைத்தான் தூக்கினேன். கல்யாண வீடுகளில் இரண்டாவது கேமராவாக நிற்கும் வேலை. தாலி கட்டி முடிவதற்குள் கழுத்து இற்றுவிடும். இது மிரர்லெஸ். கண்ணாடி இல்லை, அதனால் அந்தக் கனம் இல்லை, 'கிளிக்' என்ற சத்தமும் இல்லை. சத்தம் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் மெனுவில் அணைத்துவிடலாம். அணைத்துவிட்டால் படம் எடுத்தது எதிரில் இருப்பவருக்கே தெரியாது. நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். அது நல்லதா கெட்டதா என்று கேட்டால், பிறகு சொல்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து விற்க எனக்கு வராது. பாட்டரி சீக்கிரம் இறங்கும். முந்நூற்றைம்பது படம், அதற்கு மேல் நம்பாதீர்கள். வெயிலில் வீடியோ எடுத்தால் சூடாகும். லென்ஸைக் கழற்றினால் தூசி நேராக சென்ஸாரில் போய் உட்காரும். அடியில், இதோ இந்த மூலையில், நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. டிரைபாடில் மாட்டும்போது விழுந்தது. விளம்பரத்தில் நான் போட்ட போட்டோவில் இந்தக் கோடு தெரியாது. அதனால்தான் இப்போது விரலை வைத்துக் காட்டுகிறேன்.

நான் பேசுவது புத்தகம் படிப்பது போல இருக்கிறது, இல்லையா? சிரிக்கிறீர்கள். பதற்றமானால் எனக்குப் பேச்சு இப்படித்தான் வரும். காலேஜ் போய் வந்ததில் ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில், "ஏய், பெத்துராஜ் நியூஸ் வாசிக்க ஆரம்பிச்சுட்டான்டா" என்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள்.

ஏன் விற்கிறேன் என்றா? கேட்பீர்கள் என்று தெரியும். இரண்டு மாதம்கூட ஆகாத கேமராவை எவன் விற்பான் என்று நானே கேட்பேன். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஆபீஸ் வேலை. நாளைக் காலை ஒன்பதரை பஸ். அங்கே கேமராவுக்கு என்ன வேலை? அவ்வளவுதான் காரணம். வேறு பழுது எதுவும் இல்லை.

பழுது என்று நான் நினைத்தது ஒன்று இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஆள் முன்னால் இருந்தால் இது தானாகவே கண்ணைத் தேடிப் பிடிக்கும். கண்மேல் சின்னச் சதுரம் ஒன்று வந்து உட்காரும். இருங்கள், உங்களைப் பார்க்கிறேன். இதோ, உங்கள் இடது கண். தலையைத் திருப்புங்கள். கூடவே வருகிறது, பார்த்தீர்களா? மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாலும் விடாது. நாமாக ஃபோகஸ் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் முதல் வேலையிலேயே ஆளே இல்லாத இடத்தில் சதுரம் போய் உட்கார்ந்தது. கேமரா கோளாறு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பயந்துவிட்டேன். கோளாறு இல்லை. கோளாறு இல்லை என்பதைச் சொல்ல அந்தக் காலையைச் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? நேரம் இருக்கிறது. டீ சொல்லட்டுமா?

வாங்கி ஏழாம் நாள் அது. பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் காரியம் தேதியும் நேரமும் சரிசெய்தது. முக்கால்வாசிப் பேர் அதைச் செய்வதில்லை. நான் ரேடியோ மணியோடு ஒப்பிட்டு நொடிவரை சரியாக வைத்தேன். நேரம் தப்பாக இருந்தால் பின்னால் படங்களை வரிசைப்படுத்துவது கஷ்டம், அதற்காக. வேறு எதையும் நினைத்துச் செய்யவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை. பெயர் எதற்கு? வடநாட்டிலிருந்து பெரிய வியாபாரி வருகிறார், ஆலையை எவ்வளவு பாதுகாப்பாக நடத்துகிறோம் என்று காட்ட ஆல்பம் வேண்டும் என்று மேனேஜர் கூப்பிட்டார். சந்திரபோஸ் என்று பெயர், போஸ் சார் என்போம். அதே முதலாளியின் அச்சகத்தில்தான் என் அப்பா இருபத்தாறு வருடமாகப் பேப்பர் வெட்டும் மெஷினில் நிற்கிறார். அந்தப் பழக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கோயம்புத்தூர் வேலைகூட அவர் சொல்லிவைத்ததுதான்.

கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க. நான் இரண்டு தடவை தொட்டேன். கேமராவைக் காட்டி, "சார், இதில் லித்தியம் பாட்டரி இருக்கிறது. உள்ளே கொண்டுபோகலாமா?" என்று கேட்டேன்.

போஸ் சார் வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச பயலுவளோட இதான்யா ரோதனை. பாம்புக்குப் பயப்படாதவன் பாட்டரிக்குப் பயப்படுறான். வாங்க தம்பி."

போனேன். நீங்கள் பட்டாசு ஆலை பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய கட்டடம் இருக்காது. சின்னச் சின்ன ரூம்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நடுவில் வேப்பமரம். ஒன்று வெடித்தால் அடுத்தது பிடிக்கக் கூடாது என்று அந்த ஏற்பாடு. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவுக்குப் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மருந்து உராய்வு தாங்காது.

மரத்தை எடுத்தேன், சிவப்பு மணல் வாளிகளை எடுத்தேன். பதினேழாம் நம்பர் ரூமுக்கு வந்தோம். காலை வெயில் சாய்ந்து விழுகிறது. வாசலில் செருப்புகள் வரிசையாக. பார்த்ததுமே தெரிந்தது, இதுதான் படம் என்று. கதவு திறந்திருந்தது. உள்ளே கறுப்பு. வெளியே அவ்வளவு வெயில் அடித்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. நான் உட்கார்ந்து செருப்புகளுக்குக் கோணம் வைத்தேன். அப்போதுதான் அந்தச் சதுரம் செருப்பை விட்டுவிட்டு, ஓடிப்போய் அந்தக் கறுப்பில் உட்கார்ந்தது. அசையாமல் உட்கார்ந்தது. விரல் பட்டு ஒரு படமும் விழுந்துவிட்டது. 'என்னடா இது, இருட்டில் போய் எதைப் பிடிக்கிறது' என்று கண் தேடும் வசதியை அணைத்தேன். செருப்பின் மேல் நானாக ஃபோகஸ் வைத்து இரண்டாவது படம் எடுத்தேன். சத்தம்தான் இல்லையே, யாருக்கும் தெரியாது. பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

ஆபீஸ் ரூமில் என் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். போஸ் சார் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "என்னா சுத்தம் தம்பி! மண்ணுகூடத் தனித்தனியாத் தெரியுது." நான் எடுத்த படத்தை ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கல்யாண வீட்டில் யார் சொல்கிறார்கள்? பிறகு அவர், "செருப்புதான் கொஞ்சம் கூட்டமாக் கெடக்கு. ஒரு ஜோடியைத் தூக்கிருங்க" என்றார்.

ஐந்து ஜோடி இருந்தது அண்ணே.

நான் சொன்னேன், "சார், படத்துக்கு ஒற்றைப்படைதான் அழகு. ஐந்து இருந்தால் கண் நடுவில் போய் நிற்கும்."

"நாலு போதும் தம்பி. நாலுதான் அழகு."

வாடிக்கையாளர் சொன்னால் செய்ய வேண்டியதுதானே. முகத்தில் பரு இருந்தால் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கிறோம். மாமனார் குறுக்கே நின்றால் அவரையே எடுக்கச் சொல்கிறார்கள், அதையும் எடுக்கிறோம். நீங்களும் எடுத்திருப்பீர்கள். ஐந்தில் ஒன்றை எடு என்றால் எதை எடுப்பீர்கள்? பார்க்க எது நன்றாக இல்லையோ அதை. ஓரத்தில் கிடந்த ஜோடி. நீல ரப்பர் செருப்பு, இடது காலுக்கு மட்டும் பச்சை வார் மாற்றிப் போட்டது. அந்த வாரும் கழன்றுவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஊக்கு குத்தியிருந்தது. பெரிய சென்ஸார், ஃபுல் ஃப்ரேம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பத்தடி தள்ளி எடுத்த படம், அதில் அந்த ஊக்கின் முனை மின்னுகிறது.

எடுத்தேன். அவசரப்பட்டுச் செய்யவில்லை. பக்கத்து மண்ணை எடுத்து எடுத்து வைத்து, ஒரே மாதிரி தெரியாமல் மாற்றி மாற்றி வைத்து, இருபது நிமிடம். நிழலையும் எடுத்தேன். கற்றுக்குட்டிகள் பொருளை எடுத்துவிட்டு நிழலை விட்டுவிடுவார்கள். நிழல் கிடந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிப்பார்கள் என்றால், படத்தில் கை வைத்திருக்கிறது என்று. தொழில் சுத்தத்துக்காகச் சொல்கிறேன்.

படங்களைக் கொடுத்துவிட்டு பதினொன்றுக்குக் கிளம்பினேன். பதினொன்று நாற்பதுக்கு வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் அதிர்ந்தது. அலமாரியிலிருந்து செம்பு உருண்டு விழுந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் 'என்ன' என்று கேட்பதில்லை. 'எங்கே' என்றுதான் கேட்பார்கள். தெருவே வெளியே வந்து வானத்தைப் பார்த்து நின்றது. கிழக்கே வெள்ளைப் புகை.

பதினேழாம் நம்பர்.

எனக்கு முதலில் வந்த பயம் என்ன தெரியுமா? பாட்டரி. என் பாட்டரியால்தான் ஏதாவது ஆகிவிட்டதோ என்று. மூன்று நாள் தூங்கவில்லை. கேமராவோடு வந்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை மூன்று தடவை படித்தேன். சென்னையில் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பெண், "சார், நீங்கள் படம் எடுத்து ஒன்றரை மணி நேரம் கழித்து எப்படி சார்?" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் சோறு இறங்கியது. அந்த விஷயத்தில் என் மனசு சுத்தம் அண்ணே. முழுக்க விசாரித்துவிட்டேன்.

இறந்தவர்கள் என்று நாலு பேர் பெயர் பேப்பரில் வந்தது. நாலு பேரும் பதிவேட்டில் உள்ளவர்கள். ஐந்தாவதாக சண்முகத்தாய் அக்கா. அவர் பெயர் வரவில்லை.

சண்முகத்தாய் அக்கா எங்கள் தெரு. ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. தங்கமாரி என்று ஒரே பெண், ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அக்கா அந்த ஆலையில் நிரந்தர ஆள் கிடையாது. யாராவது வராத நாளில், வேலை நெருக்கும் நாளில், வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படிப் போகிறவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்காது. அக்காவின் உடம்பு கம்பிவேலி ஓரமாகக் கிடந்தது. ரூமிலிருந்து எவ்வளவோ தூரம். தூக்கி எறிந்திருக்கிறது. ஆலைத் தரப்பில் வேறு மாதிரி சொன்னார்கள். ரூமில் இருந்தது நாலே பேர், இந்த அம்மா ஆலை ஆளே இல்லை, விறகு பொறுக்க வேலிக்குள் நுழைந்திருக்கிறார், பாவம் என்று. ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். அன்று காலை எடுத்த படம் என்று ஒரு படத்தைக் கொடுத்தார்கள். பேப்பரிலும் வந்தது. வாசலில் நாலு ஜோடி செருப்பு, அழகாக வரிசையாக.

என் பெயர் போடவில்லை. போடாததும் நல்லதுதான்.

அக்காவைப் பற்றி இன்னொன்று சொல்கிறேன், இதற்குச் சம்பந்தம் இல்லை. நான் காலேஜில் சேரும்போது முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் இதற்கு முன் யாரும் படிக்கவில்லை என்று. ஆர்.ஐ. தெருவுக்கு விசாரிக்க வந்தார். பக்கத்தில் யாராவது சாட்சி சொல்லுங்கள் என்றார். அரசாங்கத்து ஆள் என்றதும் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். அக்கா மட்டும் மாவுக் கையோடு வந்து நின்றார். "இவுக வீட்டுல ஏழு தலைமுறைக்கு ஒருத்தரும் பட்டணத்துப் படிப்பு படிக்கல சார். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன். கையெழுத்துத்தான் தெரியாது, ரேகை வைக்கட்டா?" என்றார். ஆர்.ஐ. சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். அது ஒரு ஞாபகம். விடுங்கள்.

பத்தாம் நாள் தங்கமாரி வீட்டுக்கு வந்தாள். காலில் செருப்புகூட இல்லாமல் வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கி நீங்கதான் படம் எடுத்தீகளாமே?"

"ஆமாம்மா."

"எங்கம்மா எதுலயாச்சும் விழுந்துருக்காண்ணே? மூஞ்சி வேண்டாம். முதுகு, கை, சேலை... செருப்பு தெரிஞ்சாக்கூடப் போதும். வாசல்ல கெடந்த செருப்பையெல்லாம் யாரோ அன்னைக்கே அள்ளிட்டுப் போயிட்டாங்கண்ணே. கேட்டா தெரியாதுங்கிறாக."

"அந்த ரூமில் எடுத்ததில் நான் ஆலைக்குக் கொடுத்தது இந்த ஒரு படம்தான் தங்கமாரி."

உண்மை. கொடுத்தது ஒன்றுதான்.

அவள் என் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து விரலை வைத்து எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மறுபடியும் எண்ணினாள். "இன்னும் பெருசாக்குங்கண்ணே" என்றாள். பெரிதாக்கினேன். அக்காவின் செருப்பு இருந்த மண்ணை மூக்கு உரசுவது மாதிரி குனிந்து பார்த்தாள். நன்றாகத்தான் செய்திருந்தேன், ஒன்றும் தெரியவில்லை.

"அப்போ அம்மா ரூமுக்கே போகலையாண்ணே?"

நான் படத்தை மறுபடியும் சின்னதாக்கினேன்.

"அஞ்சரைக்கு வேன் ஏத்திவிட்டதே நான்தான். பதினேழாம் நம்பருன்னுச்சு. அங்க போயி வெறகுக்கு எதுக்குப் போச்சு? வீட்டுலதான் கேஸ் இருக்கே." அப்புறம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்: "படத்துல இல்லேன்னா இல்லதான். நாந்தான் கிறுக்கி மாதிரி எல்லார்கிட்டயும் சண்டை போட்டுக்கிட்டுத் திரியிறேன்."

"தண்ணீர் குடிக்கிறாயா?" என்று கேட்டேன்.

"நியூஸ் வாசிக்காதண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது சிரிக்க முயற்சி செய்தாள். பாவம், குழம்பிவிட்டாள். துக்கத்தில் அப்படித்தான் ஆகும்.

இந்த கேமராவில் இரண்டு கார்டு போடலாம் அண்ணே. அதை நான் சொல்லவில்லை இல்லையா? பெரிய வசதி அது. இதோ, இந்த மூடியைத் தள்ளுங்கள். ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்றில் இருக்கும். முதல் கார்டில் சாதாரணப் படம் விழும், அதைத்தான் அன்று ஆபீஸில் லேப்டாப்பில் போட்டேன். இரண்டாவதில் ரா ஃபைல் விழும். கை வைக்காத படம். சென்ஸார் பார்த்தது எல்லாம் அப்படியே இருக்கும்.

வெடித்த அன்று சாயங்காலமே போஸ் சார் போன் செய்தார். அவரும் பாவம், குரல் கரகரத்துப் போயிருந்தது. "தம்பி, ஒரிஜினல் எல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"கார்டை ஃபார்மேட் செய்துவிட்டேன் சார்."

பொய் இல்லை. முதல் கார்டைச் செய்திருந்தேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் செய்வது என் வழக்கம். இரண்டாவது கார்டு உண்டா என்று அவர் கேட்கவில்லை.

"நல்லது. நல்ல பிள்ளை. அப்பா சௌக்கியமா? வெட்டுற மிஷின்ல நிக்கிறார்ல, வயசாகுது, வெரலைப் பார்த்து வேலை செய்யச் சொல்லுங்க" என்றார். அக்கறையான மனிதர். போன வாரம்தான் கோயம்புத்தூர் வேலை பற்றிச் சொன்னார். திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பிவிட வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார். திங்கட்கிழமை என்றால் நாளைக்கு. அந்த வெடிவிபத்து பற்றிய ஆர்.டி.ஓ. விசாரணையும் நாளைக்குத்தான், பத்து மணிக்கு. இரண்டும் ஒரே நாளாக அமைந்துவிட்டது.

தங்கமாரி வந்து போன மறுநாள், பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, இரண்டாவது கார்டைப் போட்டுப் பார்த்தேன். இந்த கேமராவின் உண்மையான பெருமை அப்போதுதான் தெரிந்தது. கறுப்பாக இருக்கும் இடத்தைக்கூட வெளிச்சமாக்கலாம். பழைய கேமராவில் அப்படி இழுத்தால் வெறும் புள்ளி புள்ளியாக வரும். இதில் முகமே வரும்.

முதல் படம், சதுரம் இருட்டுக்குள் ஓடிய படம். கதவுக்குள் இருந்த கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். முதலில் சுவர் வந்தது. ஒரு தட்டு வந்தது. குனிந்திருந்த நாலு முதுகுகள் வந்தன. நடுவில் ஒரு முகம். கேமராவைப் பார்த்துக்கொண்டு, அக்கா. இடது கண் ஊசி மாதிரி துல்லியம். புருவமெல்லாம் வெள்ளிப் பொடி.

கோளாறு இல்லை அண்ணே. நான் பார்க்காததை அது பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

முகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் தொழில் செய்கிறவர்கள், உங்களுக்குப் புரியும். போட்டோ எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் நம் ஜனங்கள் ஒரு மாதிரி நிற்பார்கள், தெரியுமா? தாடையைக் கொஞ்சம் தூக்கி, மூச்சைப் பிடித்து, 'கிளிக்' கேட்கும்வரை அசையாமல். அக்கா அப்படி இருந்தார். மாராப்பைச் சரியாக இழுத்துவிட்டிருந்தார். பெத்துராஜ் நம்மைத்தான் எடுக்கிறான் என்று நினைத்திருக்கிறார். இரண்டாவது படத்திலும் அதே முகம். நான் செருப்புக்கு ஃபோகஸ் வைத்ததால் முகம் கொஞ்சம் மங்கல், ஆனால் அதே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு. சத்தம் வரும் என்று இன்னும் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

சத்தத்தை நான்தான் அணைத்து வைத்திருந்தேனே.

அதிலிருந்து இதைக் கண்ணில் வைக்க முடியவில்லை. கதவு திறந்திருக்கிற எந்த வீட்டைப் பார்த்தாலும் சதுரம் உள்ளே போய்த் தேடுகிறது. அதனால்தான்... இல்லை, விற்பது வேலை கிடைத்ததால்தான். அதை முதலிலேயே சொன்னேன்.

அழிக்கவும் பார்த்தேன். மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை மெனுவுக்குள் போனேன். 'எல்லாப் படங்களும் அழிக்கப்படும்' என்று கேட்கும். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு இருக்கும். அது முதலில் 'இல்லை'யில்தான் நிற்கும். ஒரு தடவை நகர்த்த வேண்டும். நகர்த்தவில்லை. அந்த அளவுக்கு நான் நேர்மையாக இருந்திருக்கிறேன். வேறு ஒருவனாக இருந்தால் அன்றே அழித்திருப்பான்.

சரி, உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன். பெட்டி இது. பில் இது. சார்ஜர், இரண்டு பாட்டரி. வாரண்டி அட்டையின் பின்னால் பென்சிலில் ஒரு போன் நம்பர் இருக்கும். தங்கமாரி நம்பர். அழிக்க மறந்துவிட்டேன், இருக்கட்டும். கார்டுகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. வாங்கினவுடன் ஃபார்மேட் செய்துவிட வேண்டும் என்பார்கள், எல்லாருக்கும் சொல்வதுதான். அதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம். இனி உங்கள் பொருள். இன்றைக்குப் பார்த்தாலும் சரி. நாளைப் பத்து மணிக்குள் பார்த்தாலும் சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் கார்டுகளைக் கழற்றுகிறீர்கள்?

வேண்டாமா? உங்களிடம் கார்டு இருக்கிறதா? இது வேகமான கார்டு அண்ணே. விலையில் சேர்த்துத்தான் சொன்னேன். மேஜையில் வைக்காதீர்கள், டீ ஈரம். பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களை யாருக்கும் தெரியாது, உங்கள் அப்பா அந்த மெஷினில் நிற்கவில்லை, உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு போன்தான். அண்ணே, எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்டீர்கள்?

சத்தமாக இருக்கிறது, பஸ் ஹாரன். என்ன?

அழிக்கும்போதே தெரியுமா என்றா? அது யாருடைய செருப்பு என்றா?

அவர்கள் வீடு எங்கள் எதிர் வீடு அண்ணே. நேர் எதிர். காலையில் பல் தேய்க்க வாசலுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தச் செருப்புதான். பச்சை வார் மாற்றியது போன பொங்கலுக்கு முன்னால். அது கழன்று கழன்று வந்ததும் ஊக்கு கொடுத்தது எங்கள் அம்மா, தாலிக்கயிற்றிலிருந்து எடுத்து.

உங்கள் பஸ் அதுதான், திருநெல்வேலி. போங்கள். கார்டுகள் இங்கேயே இருக்கட்டும். கேமராவை வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கமாரி இப்போது வாசலிலேயேதான் உட்கார்ந்திருக்கிறாள், கடைக்குப் போவதில்லை. எங்கள் படியிலிருந்து அவர்கள் படிக்குப் பத்து எட்டு வைத்தால் போய்விடலாம் அண்ணே. சரியாகப் பத்து. நேற்று எண்ணிப் பார்த்தேன். நடக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றே எண்ணினேன்.